வேலையை விடாமல் உணவு உற்பத்தித் தொழில் படிப்பது: வன்னியில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

அரிசி மில்லிலும் பேக்கரியிலும் மிளகாய்த்தூள் அரைக்கிற இடத்திலும் நிற்கிற பலருக்கு வேலை நன்றாகத் தெரியும். கையில் கடதாசிதான் இல்லை. கடதாசி இல்லாதவருக்கு எத்தனை வருசம் நின்றாலும் நாட்கூலிதான். மேற்பார்வையாளர் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வருவார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்க வீட்டு நிலைமையும் இடம் கொடாது. அப்படியானவர்களுக்கும், ஓ.எல் முடித்துவிட்டு தோட்டமோ கடையோ பார்த்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

பகுதிநேரப் படிப்பில் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போவது பெரிய பாடு இல்லை. ஆட்கள் இடையில் நின்றுபோவது 'ஓ.ஜே.ரி' என்கிற தொழிலிடப் பயிற்சியிலும், கடைசி மதிப்பீட்டிலும்தான். அந்த இரண்டையும் எங்கே, எப்போது, யார் செலவில் செய்வது என்று தெரிந்த பிறகு பதிவுக் காசைக் கட்டுங்கள். கீழே சொல்லப்படுகிற பலதும் அதைச் சுற்றித்தான் வருகிறது.

1. எந்த வேலைக்கு, எந்த மட்டம்

இலங்கையில் தொழிற்கல்விச் சான்றிதழ்கள் தேசிய தொழில் தகைமை, அதாவது எல்லாரும் சொல்கிற 'என்.வி.கியூ', 1 தொடக்கம் 7 வரையான மட்டங்களில் இருக்கின்றன. 1 முதல் 4 வரை தேசிய சான்றிதழ். 5 தேசிய டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 பட்டம்.

உற்பத்திப் பக்கத்தில் இயந்திரம் இயக்க, ஒரு பகுதியைப் பொறுப்பெடுக்க 3 அல்லது 4 வேண்டும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடம், உற்பத்தி மேற்பார்வை என்று போக நினைத்தால் 5க்குக் குறையாமல் பாருங்கள். 4 முடித்தவர் உயர்தரம் இல்லாமலும் 5க்கு விண்ணப்பிக்கலாம். ஓ.எல்லோடு நின்றவர்களுக்கு இந்தப் பாதையின் உண்மையான பெறுமதி அதுதான்.

3, 4ஆம் மட்டங்களில் பாடநெறி ஒரு தொழிலின் பெயரில் இருக்கும்: பேக்கர், பழம் மரக்கறி பதனிடல், பால் பொருள் உற்பத்தி என்று. 'உணவுத் தொழில்நுட்பம்' என்று பொதுவாக வருவது பெரும்பாலும் 5க்கு மேலே. நீங்கள் இப்போது எங்கே வேலை செய்கிறீர்களோ அந்தத் தொழிலையே எடுங்கள். அரிசி மில்லில் நின்றுகொண்டு பேக்கர் பாடநெறி எடுத்தால், உங்கள் வேலைத்தலம் ஓ.ஜே.ரிக்கு உதவாது. பயிற்சிக்காக இன்னொரு இடத்தில் மாதக்கணக்காக நிற்க வேண்டி வரும், வேலை போகும்.

2. வகுப்பா, ஆர்.பி.எல்லா

ஏற்கனவே சில வருசம் இந்த வேலையில் இருப்பவர் வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது, பேச்சில் ஆர்.பி.எல். வேலை செய்து கற்றதை ஆதாரத்தோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டினால் அதே என்.வி.கியூ சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழின் பெறுமதியில் வித்தியாசம் இல்லை. இதற்கு விண்ணப்பிக்கும் இடம் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டாவின் மாவட்ட அலுவலகம்.

ஆர்.பி.எல் யாருக்குப் பொருந்தாது? ஒரே ஒரு வேலையை மட்டும் செய்தவருக்கு. ஐந்து வருசம் பேக்கரியில் நின்றாலும் போறணை மட்டும் பார்த்தவர் நிறுத்தல், பிசைதல், கேக், பதிவேடு ஆகிய அலகுகளில், அதாவது அந்தத் தொழிலின் தனித்தனிப் பகுதிகளில், தேற மாட்டார். அப்படியானால் இரண்டு வழி: முதலாளியிடம் கேட்டு மற்றப் பகுதிகளிலும் சில மாதம் நின்றுவிட்டு விண்ணப்பிப்பது, அல்லது வார இறுதி வகுப்பில் சேர்வது. எது என்றாலும், அந்தத் தொழிலில் என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சொல்கிற தேசிய தேர்ச்சி நியமத்தை வாங்கி, அதில் உள்ள அலகுகளின் பெயர்களுக்கு நேரே 'செய்வேன்', 'பார்த்திருக்கிறேன்', 'தெரியாது' என்று குறித்துப் பாருங்கள். 'தெரியாது' இரண்டு மூன்றுக்குள் நின்றால் ஆர்.பி.எல்லுக்குப் போகலாம்.

3. எங்கே விசாரிப்பது

வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் உணவுத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அது முக்கியமாக முழுநேரப் பயிற்சிக்கான இடம். இருந்தாலும் வார இறுதி, குறுங்காலப் பயிற்சிகள் எப்போது வரும் என்று அங்கே கேட்டு வையுங்கள். இந்தப் பக்கத்தில் உபகரணத்தோடு படிக்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் அந்த வருசம் எந்த நிலையத்தில் எந்தப் பாடநெறி பகுதிநேரமாக நடக்கிறது என்று சொல்வார்கள்.

அலைச்சல் வேண்டாம் என்றால் முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் அங்கே இருப்பார். விண்ணப்ப அறிவித்தல்களை அவரிடம் கேட்கலாம்.

பழம், மரக்கறி, தானியம் பதனிடுவதில் சில நாள் பயிற்சி போதும் என்பவர்களுக்கு அனுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவத்துக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. வவுனியாவிலிருந்து கொழும்பு போவதை விட அது எத்தனையோ கிட்ட. ஆனால் குறுங்காலப் பயிற்சியின் பங்குபற்றல் சான்றிதழ் என்.வி.கியூ ஆகாது. ஆர்.பி.எல் கோவைக்குள் ஆதாரமாக வைக்கலாம், அவ்வளவுதான்.

4. காசு கட்ட முன் கேட்க வேண்டியவை

தொழிற்கல்வி நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. கணினிப் பாடநெறிக்குத் தரச்சான்று வைத்திருக்கும் நிலையம், 'ஆணைக்குழுவில் பதிவு பெற்றது' என்று பலகை மாட்டிக்கொண்டு உணவுப் பாடநெறியையும் நடத்தலாம். முடிவில் கிடைப்பது அந்த நிலையத்தின் சொந்தச் சான்றிதழ். ஆகவே பாடநெறியின் பெயர், மட்டம், தரச்சான்று முடிகிற திகதி ஆகிய மூன்றையும் கேட்டு, ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். படிப்பு முடிய முன்னமே தரச்சான்று காலாவதியாகிறது என்றால், புதுப்பிக்க விண்ணப்பித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் கேட்க வேண்டியவை:

- ஓ.ஜே.ரி எத்தனை மாதம், இடத்தை யார் தேடித் தருவது, நான் வேலை செய்கிற இடத்தையே ஏற்பீர்களா?
- மதிப்பீட்டுக் கட்டணம் பாடநெறிக் கட்டணத்துக்குள் அடங்குமா?
- செய்முறை எங்கே நடக்கும், ஒரு போறணைக்கு அல்லது ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர்?
- முந்தைய தொகுதியில் எத்தனை பேருக்கு என்.வி.கியூ கையில் கிடைத்தது?

கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் அவசரப்பட வேண்டாம். 'டிப்ளோமா' என்ற சொல்லைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மட்டம் 5 என்று எழுத்தில் இல்லாவிட்டால், மூன்று வார இறுதியில் முடிகிற டிப்ளோமா தொழிற்சாலைக்காரரிடம் எடுபடாது.

காசை நிறுவனத்தின் கணக்குக்கே கட்டி, பற்றுச்சீட்டை எடுங்கள். ஒருவருடைய தனிப்பட்ட கணக்கு இலக்கம் தந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். காட்டிவிட்டுத் திருப்பி வாங்குங்கள்.

5. ஆவணங்கள்

வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், ஓ.எல் பெறுபேறு இருந்தால் அது, கிராம அலுவலரின் வதிவுச் சான்றிதழ், கடவுச்சீட்டு அளவுப் படங்கள், வேலை செய்பவர் என்றால் சேவைக் கடிதம். எல்லாவற்றிலும் மூன்று போட்டோக்கொப்பி எடுத்து, சமாதான நீதவானிடமோ பாடசாலை அதிபரிடமோ உறுதிப்படுத்தி வையுங்கள். வதிவுச் சான்றிதழை முன்கூட்டி எடுக்க வேண்டாம், பழசாகிவிடும். விண்ணப்பம் கோரிய பிறகு, கிராம அலுவலர் அலுவலகத்தில் இருக்கிற நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டுமா என்று விண்ணப்பத்தில் பாருங்கள். வேண்டுமென்றால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம்.

பெயர்தான் இங்கே பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஓ.எல் பெறுபேற்றில் ஆங்கிலத்தில் மூன்றாவது விதம். தகப்பன் பெயர் முன்னால் வரும் இடமும் முதலெழுத்தாகச் சுருங்கும் இடமும் வேறுபடும். என்.வி.கியூ சான்றிதழில் அச்சாவது நீங்கள் பதிவுப் படிவத்தில் எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல். அச்சான பிறகு திருத்துவதற்குச் சத்தியக்கடதாசி, மேலும் சில மாதம் என்று இழுபடும். அடையாள அட்டையில் இருக்கிறபடியே, ஒரு எழுத்தும் மாறாமல், பெரிய எழுத்தில் எழுதுங்கள். நிலையத்தில் வேறொருவர் கணினியில் பதிந்தால், சமர்ப்பிக்க முன் திரையைப் பார்க்கக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

2009 வரையான இடப்பெயர்வுகளில் ஆவணம் தொலைந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறப்புப் பதிவான பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அங்கே பதிவேடே இல்லாவிட்டால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அங்கும் இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகலாம். ஓ.எல் பெறுபேற்றை பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாகவே கேட்டுப் பெறலாம். சுட்டெண்ணும் வருசமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் படித்த பாடசாலையின் பதிவேட்டைப் பாருங்கள். இவை நேரம் எடுக்கும் வேலைகள். பாடநெறி அறிவித்தல் வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்குங்கள்.

சேவைக் கடிதம் தனியாகச் சொல்ல வேண்டிய விசயம். 'இவர் எமது ஆலையில் நேர்மையாகக் கடமையாற்றினார்' என்ற கடிதம் ஆர்.பி.எல்லில் ஒன்றுக்கும் உதவாது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டையில் உள்ள பெயரும் இலக்கமும், வேலைக்குச் சேர்ந்த திகதி, பதவி, செய்த வேலைகள் ஒவ்வொன்றாக ('நெல் ஈரப்பதன் பார்த்தல், அவித்தல், உலர்த்தல், தீட்டுதல், 25 கிலோ பொதியிடல்' என்ற மாதிரி), எந்த இயந்திரம், தினசரி அளவு, முதலாளியின் கையொப்பமும் முத்திரையும், வியாபாரப் பதிவு இலக்கம். பதிவு இல்லாத சிறு மில் என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியும்படி முதலாளியிடம் சொல்லுங்கள். பிரதேச சபை உரிமமும் இருந்தால் கடிதத்துக்கு நிறை கூடும். ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறவர் என்றால் அந்தக் கணக்குக் கூற்றைப் போல வலுவான ஆதாரம் வேறில்லை. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். கட்டப்படவில்லை என்றால் அது வேறு சண்டை, ஆனால் தெரிந்து வைத்திருங்கள்.

6. செலவு

அரச நிலையங்களில் முழுநேரப் பாடநெறிகள் பல இலவசம். பகுதிநேரத்துக்குக் கட்டணம் உண்டு, நிலையத்துக்கு நிலையம் மாறும். விண்ணப்பம், பதிவு, பாடநெறி, செய்முறைப் பொருட்கள், மதிப்பீடு என்று ஐந்து தலைப்பில் தனித்தனியாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். 'எல்லாம் சேர்த்துத்தான்' என்று சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பலர் மறந்துவிடுவது போக்குவரத்தையும் இழக்கிற கூலியையும். வாரம் இரண்டு நாள் வீதம் ஆறு மாதம் என்றால் 52 நாள். உங்கள் ஊரிலிருந்து போய்வரும் பஸ் காசை 52 ஆல் பெருக்குங்கள். சனிக்கிழமை வேலைநாள் என்றால் 26 நாட்கூலியையும் கூட்டுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வீதியால் கிளிநொச்சிக்கு வருபவருக்கும், ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து ஏ9இல் பஸ் மாறி வவுனியா போகிறவருக்கும் இந்தத் தொகை பாடநெறிக் கட்டணத்தையே மீறலாம். மாலை நான்கு மணிக்கு வகுப்பு விட்டால் கடைசி பஸ் பிடிபடுமா என்று ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். அதைப் பார்க்காமல் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் வகுப்பிலிருந்து அரைமணி முன்னமே எழும்பிப் போகிறவர்களுக்கு வரவு வீதம் குறைகிறது. வரவு குறைந்தால் மதிப்பீட்டுக்கு விட மாட்டார்கள்.

உடைக்கு: வெள்ளை மேலங்கி இரண்டு, முடிவலை, முன் மூடிய சப்பாத்து. ஈரமான இடத்தில் பயிற்சி என்றால் வெள்ளை கம்பூட்ஸ். சொந்தமாக வாங்கக் கூடிய ஒரே கருவி ஒரு எண்காட்டி வெப்பமானி. மற்றவற்றில் காசைப் போட வேண்டாம்.

7. காலம்: போகத்தைப் பார்த்துச் சேருங்கள்

தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களில் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய தொகுதி தொடங்கும். விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னமே வரும். அதனால் ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் விசாரியுங்கள்.

ஜனவரித் தொகுதியில் சேர்கிற விவசாயக் குடும்பத்தவருக்கு பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வந்து விழும். அரிசி மில்லில் வேலை செய்பவருக்கு அதே மாதங்களில் லீவு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு ஜூலை நல்லது. ஆனால் ஜூலையில் தொடங்கினால் முடிகிற நேரம் நவம்பர், டிசம்பர் மழை. குளங்கள் வான் பாய்ந்து வீதி மூடுகிற நாட்கள் வரும். கடைசி மாதத்தில் வரவைப் பிடிக்கலாம் என்று வைத்திருக்காமல் முதல் நான்கு மாதத்திலேயே சேர்த்து வையுங்கள். பேக்கரிக்காரர் சித்திரை வருசப்பிறப்பு, தீபாவளி, நத்தார் மூன்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு முதலாளியிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

8. ஓ.ஜே.ரி

வகுப்புக் காலம் முடிந்த பின் தொழிலிடத்தில் சில மாதம், பல பாடநெறிகளில் ஆறு மாதம் வரை, நிற்க வேண்டும். முழுநேர மாணவருக்கு இது பயிற்சி. வேலை செய்கிறவருக்கு, தன் இடம் ஏற்கப்படாவிட்டால், இது வேலை இழப்பு. ஆகவே பதிவுக்கு முன்பே உங்கள் முதலாளியிடமிருந்து 'இவர் எமது இடத்தில் பயிற்சியை மேற்கொள்ளச் சம்மதம், மேற்பார்வையாளர் இன்னார்' என்ற கடிதத்தை வாங்கி, நிலையத்தில் காட்டி, 'ஏற்கிறோம்' என்று சொல்வித்துக்கொள்ளுங்கள். பயிற்சி அலுவலர் இடத்தைப் பார்க்க வருவார். கழுவும் இடம், கழிவறை உற்பத்தி அறையிலிருந்து விலகி இருப்பது, ஈ எலி உள்ளே வராத வலை, ஊழியரின் மருத்துவச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏற்கனவே வந்துபோகிற இடம் என்றால் பிரச்சினை குறைவு. உங்கள் சொந்த மருத்துவப் பரிசோதனையையும் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் முன்கூட்டியே முடித்து அட்டையை வைத்திருங்கள்.

சிறிய இடங்களில் எல்லா அலகும் கிடைக்காது. பாணும் பணிசும் மட்டும் போடுகிற பேக்கரியில் கேக் அலகுக்கு வழி இல்லை. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பெரிய பேக்கரியில் சில நாள் நின்று அந்த அலகை மட்டும் முடிக்க நிலையத்திடம் அனுமதி கேட்கலாம். எந்த அலகு இல்லை என்பதை முதல் மாதமே கண்டுபிடிக்க வேண்டும்.

தினக்குறிப்புக் கொப்பியை அன்றன்றே எழுதுங்கள்: திகதி, செய்த வேலை, அளவு, பிழைத்தது என்ன, என்ன செய்து சரிப்படுத்தியது. மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை கையொப்பம் வைக்கட்டும். ஆறு மாதக் குறிப்பை ஒரே பேனையால் ஒரே இரவில் எழுதி வருகிறவர்களை மதிப்பீட்டாளர் பக்கத்தைப் புரட்டும்போதே பிடித்துவிடுவார். பெண்களுக்கு ஒரு சொல்: இரவு ஷிப்ட் உண்டா, உண்டென்றால் வீடு வரை வாகனம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.

9. கணக்கும் கருவியும்: விழுத்துகிற இடங்கள்

கை வேலையில் கெட்டிக்காரராக இருப்பவர்கள் விழுவது கணக்கில். அடிக்கடி வருகிறவை இவை.

*ஈரப்பதன்.* 20 வீத ஈரப்பதன் உள்ள 1000 கிலோ நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் எவ்வளவு மிஞ்சும்? 6 வீதம் குறைகிறது, ஆகவே 940 கிலோ என்று பலர் எழுதுவார்கள். பிழை. உலர்பொருள் 800 கிலோ மாறாது. உலர்ந்த பின் அது மொத்தத்தில் 86 வீதம். 800ஐ 0.86 ஆல் பிரித்தால் 930 கிலோ. மில்லுக்கு அந்த 10 கிலோ வித்தியாசம் காசு. 14 வீதத்துக்கு மேலே நெல்லைக் களஞ்சியப்படுத்தினால் பூஞ்சணம் பிடித்துச் சூடேறும். கச்சானை அதைவிடக் கீழே, 8 வீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அஃப்லடொக்சின் என்ற நச்சுப் பூஞ்சணப் பிரச்சினை. வறுத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது.

*பேக்கரி வீதம்.* மாவை 100 ஆக வைத்து மற்றதைக் கணிப்பது. 25 கிலோ மாவுக்குத் தண்ணீர் 60 வீதம் 15 கிலோ, உப்பு 2 வீதம் 500 கிராம், உடனடி ஈஸ்ட் 1 வீதம் 250 கிராம், சீனி 4 வீதம் 1 கிலோ, கொழுப்பு 3 வீதம் 750 கிராம். மொத்தம் 42.5 கிலோ. 450 கிராம் பாண் வேண்டுமென்றால் போறணையில் ஆவியாவதைக் கணக்கில் எடுத்து 510 கிராமாக வெட்ட வேண்டும். கையிலும் தொட்டியிலும் ஒட்டுவதற்கு 2 வீதம் கழித்தால் 81 பாண். பேணியால் அளக்கும் பழக்கத்தை விடுங்கள். மாவை அமுக்கி நிரப்பினால் ஒரு நிறை, தளரப் போட்டால் இன்னொரு நிறை. வன்னி வெயிலில் பிசைந்த மா 30 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அப்போது ஈஸ்ட் அவசரப்படும், பாண் புளிக்கும். தண்ணீரின் ஒரு பங்கை ஐஸாகப் போட்டு 26, 27 பாகையில் பிடியுங்கள். ஐஸின் நிறையும் தண்ணீர்க் கணக்குக்குள்தான் வரும்.

*ஜாம்.* பிரிக்ஸ் என்பது கரைந்த திண்மத்தின் வீதம். பிரிக்ஸ் 15 உள்ள மாம்பழக் கூழ் 10 கிலோ, சீனி 8 கிலோ. திண்மம் 1.5 உம் 8 உம் சேர்ந்து 9.5 கிலோ. பிரிக்ஸ் 68இல் இறக்கினால் ஏறத்தாழ 14 கிலோ ஜாம். 4 கிலோ நீர் ஆவியாக வேண்டும். சட்டியை முதலிலேயே நிறுத்து வைத்தால் நிறையை வைத்தே இறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். பிரிக்ஸ் மானியில் கொதிக்கும் துளியை விட்டால் அளவு பிழைக்கும், ஆறவைத்து விடுங்கள். தொடங்க முன் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

*குளோரின்.* 5 வீதக் கரைசலில் 50,000 பி.பி.எம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கிறது. மேசை துடைக்க 200 பி.பி.எம் வேண்டுமென்றால் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர். கணக்குச் சரியாக இருந்தும் கிருமி நிற்பதற்கு இரண்டு காரணம்: போத்தல் வெயிலில் கிடந்து வலுவிழந்தது, அல்லது அழுக்கைக் கழுவாமல் மேலே ஊற்றியது. அழுக்கு அகற்றல், சவர்க்காரம், அலசல், கிருமிநீக்கம், காயவிடல் என்ற ஒழுங்கை மாற்ற வேண்டாம். கிணற்று நீர் கடினமான ஊர்களில் சவர்க்காரம் நுரைக்காது, கொதிகலத்தில் சுண்ணாம்பு படியும். மதிப்பீட்டில் இந்தக் கேள்வி வந்தால் உங்கள் ஊர் உதாரணத்தையே சொல்லலாம்.

*வெப்பமானி.* உடைத்த ஐஸ் நிரப்பிய கோப்பையில் தண்ணீர் விட்டு, முனை அடியில் முட்டாமல் பிடித்தால் 0 காட்ட வேண்டும், கொதிநீரில் 100. பாலை 63 பாகையில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 செக்கன் பிடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பாடம். வெப்பமானி 3 பாகை கூடக் காட்டினால் அந்தப் பாடத்தால் பயன் இல்லை. சமைத்த, குளிரூட்டிய உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் சுகாதார அலகின் பாதி.

ஹசப் என்ற இடர்ப் பகுப்பாய்வு முறையின் ஏழு கோட்பாட்டையும் பாடமாக்குவதை விட, உங்கள் மில்லின் வேலை ஒழுங்கை ஒரு தாளில் வரைந்து, எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் இரும்புத்தூள், எந்த இடத்தில் ஈரம் வரும் என்று குறித்துப் பாருங்கள். மிளகாய்த்தூள் மில்லில் காந்தம் எங்கே வைக்க வேண்டும் என்று அப்போது தானாக விளங்கும்.

10. மதிப்பீட்டு நாள்

அடையாள அட்டையின் மூலப்பிரதி இல்லாமல் போக வேண்டாம். நகம் வெட்டி, மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றி வாருங்கள். மதிப்பீட்டாளர் எழுதத் தொடங்குவது நீங்கள் கைகழுவும் விதத்திலிருந்து. கடைசியாகப் பார்ப்பது மேசையைத் துடைத்து வைத்த விதத்தை. தராசைச் சமப்படுத்தாமல் நிறுப்பது, லேபலில் தொகுதி இலக்கமோ காலாவதித் திகதியோ விடுவது, கையுறையோடு தலையைச் சொறிவது என்று சின்னச் சின்னதில் விழுகிறவர்கள்தான் அதிகம். தொடர்பாடல், குழுவேலை, தொழிற் பாதுகாப்பு ஆகிய அடிப்படை அலகுகளையும் ஒதுக்க வேண்டாம். தீயணைக்கும் கருவியைக் கையில் தந்து எப்படிப் பாவிப்பது என்று கேட்கலாம்.

இங்கே புள்ளி இல்லை. 'தேர்ச்சி', 'இன்னும் தேர்ச்சியில்லை' என்ற இரண்டுதான். சில அலகில் தேறாமல் போனால், முடித்த அலகுகளுக்கான பதிவைக் கேட்டு வாங்குங்கள். மிச்சத்துக்கு மட்டும் திரும்பத் தோற்றலாம். முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், திரும்பக் காசு கட்ட வேண்டும் என்று எவராவது சொன்னால் நைட்டா மாவட்ட அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள்.

11. சான்றிதழ் வந்த பிறகு

வரச் சில மாதம் எடுக்கலாம். அதுவரை நிலையத்திடமிருந்து தேர்ச்சியை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்கி விண்ணப்பங்களோடு இணையுங்கள். கையில் கிடைத்தவுடன் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில், மட்டம் நான்கையும் அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் வீட்டுக்குக் கொண்டு வராமல் அங்கேயே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். சான்றிதழ் இலக்கத்தை ஆணைக்குழுவின் தளத்தில் போட்டுப் பார்த்து அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தால், கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போகும்போது சரிபார்ப்பு சுருக்கமாக முடியும்.

5ஆம் மட்டத்துக்குப் போக நினைப்பவர் 4 படிக்கும்போதே ஆங்கிலத்தைத் தொடங்க வேண்டும். டிப்ளோமாவில் பாடமும் ஆய்வுகூடக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான். அதற்கு மேலே, இரத்மலானையில் இருக்கும், யூனிவோடெக் என்கிற தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு 5, 6 முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். வன்னியிலிருந்து ஒவ்வொரு வார இறுதியும் அங்கே போய்வருவது இரவு ரயிலை நம்பிச் செய்கிற வேலை. அந்தக் கட்டத்தில் கொழும்புப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலை எடுத்துக்கொண்டு படிப்பதுதான் கணக்குக்குச் சரிவரும்.